வளர்ப்பு விலாங்கு என்னும் பிரமை

ஆற்றில் பிடிப்பதைக் குறைத்துக் குளத்தில் வளர்த்தால் ஆற்று மீன் தானே பெருகிவிடும் என்கிற அபிப்பிராயம், 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்த நம் தேசத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை. கெண்டைக்குப் பொருந்துவது விலாங்குக்கும் பொருந்தும் என்று நினைப்பதுதான் பிழை.

விலாங்குப் பண்ணையில் விலாங்கு பிறப்பதில்லை. ஐரோப்பிய விலாங்கு சர்காசோக் கடலிலும், ஜப்பானிய விலாங்கு மரியானாத் தீவுகளுக்கு மேற்கிலும் ஒரே ஒரு தடவை முட்டையிட்டு மடிகின்றன. அக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கான மைல் மிதந்து வந்து நதி முகத்துவாரங்களை அடைகையில், கண்ணாடி போன்ற உடலில் கண்கள் இரண்டு மட்டும் கரும்புள்ளிகளாய்த் தெரிய, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3000 என்ற கணக்கில் அமைந்த அற்பப் பிராணிகளாக இருக்கின்றன. இங்கிலாந்தின் செவர்ன் நதியில் வசந்த காலத்துப் பெருவேற்ற இரவுகளில், கரையில் விளக்கை வைத்துக்கொண்டு பெரிய கைவலையை நீரில் அமிழ்த்தி நிற்கும் மனிதன் அள்ளுவது இவற்றைத்தான். பண்ணைத் தொட்டிகளுக்குப் போவதும் இவைதாம். கன்று ஈனாத தொழுவம் ஒன்றைக் கட்டி, கன்றுகளையெல்லாம் காட்டிலிருந்து பிடித்து வந்து அடைத்துவிட்டு, காட்டைக் காக்கிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் பேதமில்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு மட்டுமன்று; அதன் பண்ணையுந்தான்.

ஐரோப்பிய முகத்துவாரங்களுக்கு வரும் குஞ்சுகளின் தொகை 1980-க்குப் பின் முன்பிருந்ததில் பத்திலொரு பங்குக்கும் கீழே சரிந்தது. அணைகள், ஒட்டுண்ணி, மாசு எனப் பல காரணங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அயர்லாந்து 2009-இல் வணிக விலாங்குப் பிடிப்பையே நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் தன் எல்லைக்கு வெளியே விலாங்கு விற்பதைத் தடுத்தது. பண்ணைகள் சுயமாகக் குஞ்சு பொரிப்பவையாயின் இத்தடை அவற்றைத் தீண்டியிராது. நடந்தது வேறு: தேவை அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஆறுகளின் மேல் பாய்ந்தது, நீர்ப்பைகளில் கட்டிய ஐரோப்பியக் குஞ்சுகளோ பிரயாணப் பெட்டிகளில் ஒளிந்து கீழ்த்திசை நோக்கி விமானமேறின.

ஜப்பானியர் 2010-இல் சோதனைச்சாலையில் பிறந்த விலாங்கையே முட்டையிடச் செய்தார்களே என்று கேட்பார்கள். மெய்தான், மகத்தான சாதனையுங்கூட. ஆனால் சுறா முட்டைக் குழம்பைக் கொடுத்துக் கஷ்டப்பட்டுப் பேணிய அந்த இளம்புழுக்களை நம்பி வியாபாரி எவனும் தன் தொட்டியை ஒழித்து வைத்துக் காத்திருக்கவில்லை. 2018-இல் மெய்ன் ஆற்றங்கரையில் ஒரு பவுண்டுக் குஞ்சுக்கு 2000 டாலருக்கு மேல் எண்ணிக் கொடுத்தவர்கள் பண்ணைக்காரர்களுக்காக வாங்கியவர்களே.