பொதுத் தாங்கிக்குக் கணக்கு வேண்டும்

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் வாழ்பவர்களுக்குப் பொதுத் தண்ணீர்த் தாங்கியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பைப்பைப் பூட்ட மறந்தால், இன்னொரு வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இராது. பலர் சேர்ந்து பாவிக்கும் மெயின்பிரேம் கணினியின் நினைவகமும் அத்தகையதுதான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அந்த ரகக் கணினியின் முதன்மை நினைவகம் உச்ச அளவிலேயே 2 மெகாபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. அந்தக் கணினிக் குடும்பத்தில் வேரூன்றிய ஒரு வழக்கம் இன்றும் உண்டு: வேலையைக் கொடுப்பவரே, தமக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை ‘ரீஜன்’ என்ற குறிப்பில் எழுதிக் கொடுப்பார்.

அந்த இடத்தில் பூச்சியம் என்று எழுதினால், இருப்பதையெல்லாம் தா என்று பொருள். அவசரத்தில் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் பல கணினி நிலையங்கள், எவர் எவ்வளவு கேட்டாலும் குறித்த வரம்புக்கு மேல் கொடுக்காதபடி கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து பொதுப் பகுதியில் இருக்கிறது. ஒரு வேலை தனக்கென்று எடுத்த நினைவகம், வேலை முடிந்ததும் தானாகவே விடுபட்டுவிடும். எல்லா வேலைகளும் காணக்கூடிய பொதுப் பகுதியில் எடுத்தது அப்படி விடுபடாது; எடுத்த நிரலே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரியவர் போன பின்னும் இடம் அடைபட்டே கிடக்கும். இரவுக்கு இரவு சிறுகச் சிறுக அடைபட்டு, ஒருநாள் எந்தத் தவறும் செய்யாத வேறொரு வேலை 878 என்ற பிழைக்குறியோடு விழும். முற்றினால் முழு இயந்திரத்தையும் நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டிவரும்.

நினைவகம் மலிந்துவிட்டதே, கூடுதலாக வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். பழைய 24 பிட் முகவரிகளுக்கு எட்டும் எல்லை 16 மெகாபைட். காசைக் கொட்டினாலும் அந்தக் கோடு நகராது. அதற்குள் பொதுப் பகுதியைப் பெருப்பித்தால், ஒவ்வொருவரின் சொந்தப் பகுதியும் அதே அளவு சுருங்கும்.

பொது இடத்துக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்வி கொழும்புக்குப் புதிதல்ல. 2023 ஓகஸ்ட் 26இல் அரசாங்கத்தின் பொது மேகக்கணினியான லங்கா கவர்மென்ட் கிளவுட் கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்களுக்குத் தனியே எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. அது நினைவகக் கோளாறு அன்று. ஆனால் எல்லோரும் பாவித்த ஓர் இடத்தின் அன்றாடப் பராமரிப்பு கைநழுவியது என்பதில் இரண்டும் ஒன்றே.

நினைவகத்தைப் பொறுத்தவரை தீர்வு கடினமானதல்ல. பொதுப் பகுதியில் எந்த வேலை எவ்வளவு எடுத்தது, எதைத் திருப்பவில்லை என்று பதியும் வசதி மெயின்பிரேம் இயங்குதளத்திலேயே உண்டு. அதை எப்போதும் இயங்க வைக்க வேண்டும். அந்த அறிக்கையை மாதந்தோறும் வாசிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். கேட்ட அளவும் உண்மையில் பாவித்த அளவும் அருகருகே எழுதப்பட்டு, அந்தந்தப் பிரிவுத் தலைவரின் மேசைக்குப் போகவேண்டும்.