லைசென்ஸ் வாங்கியாச்சு. அப்புறம் யாரு நம்மைத் திருத்துறது?

1/ உங்க பக்கத்து சீட்ல ஒருத்தர் உட்கார்ந்து, நீங்க கார் ஓட்டுறதைக் கவனிச்சு, நல்லது கெட்டது சொன்னது கடைசியா எப்போ? பெரும்பாலும் லைசென்ஸ் டெஸ்ட் அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் 20, 30 வருஷம் யாரும் திருத்தாமலேயே ஓட்டுறோம்.

2/ பிரிட்டனில் இந்தக் குறையைத் தீர்க்கவே ஊர் ஊரா தன்னார்வக் குழுக்கள் இருக்கு. பல குழுக்கள், 1956-ல் ஆரம்பிச்ச 'இன்ஸ்டிடியூட் ஆஃப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ்' அமைப்போட சேர்ந்தவை. இன்னிக்கு அதோட பேர் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட்.

3/ இதோட வேர் போலீஸ்ல இருக்கு. 1930-களில் லண்டன் ஹெண்டனில் போலீஸ் ஓட்டுநர் பள்ளி வந்தது. ரேஸ் ஓட்டுன காட்டன்ஹாம் பிரபு பாடமுறையைச் செதுக்கினார். அதன் இன்றைய வடிவம்: தகவல், நிற்கும் இடம், வேகம், கியர், ஆக்சிலரேட்டர். இந்த வரிசையில யோசிக்கணும். 1955-ல் 'ரோட்கிராஃப்ட்' என்ற போலீஸ் கையேடு வந்தது.

4/ குழுவில் என்ன நடக்கும்? 'அப்சர்வர்' எனும் பயிற்சி பெற்ற தன்னார்வலர் உங்க கார்லயே ஏறுவார். சம்பளம் கிடையாது. நீங்க ஓட்டுவீங்க, அவர் கவனிப்பார், வண்டியை நிறுத்தினதும் பேசுவார். இப்படிப் பல தடவை. தயாரானதும் போலீஸ் உயர்நிலை ஓட்டுநர் தகுதி பெற்ற ஒருத்தர் தேர்வு வைப்பார்.

5/ எனக்கு ரொம்பப் பிடிச்சது 'கமென்ட்ரி'. கண்ணுல படுற ஆபத்தை வாய்விட்டுச் சொல்லிட்டே ஓட்டணும். "பஸ் நிக்குது, பின்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்." சொல்ல எதுவுமே இல்லைன்னா, ரோடு காலியா இருக்குன்னு அர்த்தமில்லை. நீங்க பார்க்கலைன்னும் இருக்கலாம்.

6/ இதுக்கு உடலியல் காரணம் உண்டு. கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, அந்தக் கணத்துக் காட்சியை மூளை அடக்கிவிடும். இடைவெளி நமக்குத் தெரியவே தெரியாது. "பார்த்தேன் சார், பைக் இல்ல" என்பது பொய்யா இருக்கணும்னு அவசியமில்லை. வலம் இடம் சட்டுனு திரும்பினா பத்தாது. பார்வை ஒரு கணம் நிக்கணும்.

7/ இன்னொண்ணு, இடைவெளி. பிரிட்டன் சாலைவிதி நூல்படி, மணிக்கு 112 கி.மீ. வேகத்தில் வண்டி நிக்க 96 மீட்டர் வேணும். அதில் 21 மீட்டர், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்னாடியே போயிடும். அதனாலதான் முன் வண்டிக்கும் நமக்கும் குறைஞ்சது 2 விநாடி. மழையில் 4.

8/ "வந்து சேருறவங்க ஏற்கெனவே பொறுப்பானவங்கதானே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. மருந்து ஆராய்ச்சியிலும் இதைத்தான் முதல்ல கேட்போம். அவங்களுக்கு விபத்து குறைவுன்னா, முழுப் பெருமையையும் குழுவுக்குக் கொடுக்க முடியாது. ரொம்பத் தேவைப்படுறவர் பெரும்பாலும் வரவே மாட்டார்.

9/ ஆனாலும் இந்த வழக்கம் சரின்னு சொல்வேன். ஆபரேஷன்ல சிக்கல் வந்தா மருத்துவமனைகள்ல கூடி உட்கார்ந்து ஆராயுறோம். ரோட்டுல அப்படி இல்லை. தப்பா ஓவர்டேக் பண்ணி நூறு தடவை தப்பிச்சா, அதை அனுபவம்னு பேர் வெச்சுக்கறோம். அது வெறும் அதிர்ஷ்டம். நூத்தியோராவது தடவை எமர்ஜென்சி வார்டுல வந்து படுப்பது நீங்களா இருக்கலாம். எதிர்ல வந்த அப்பாவியாவும் இருக்கலாம்.

10/ உங்க ஊர்ல குழு இல்லையா? பரவாயில்லை. இந்த ஞாயிறு நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வையுங்க. அரை மணி நேரம் ஓட்டுங்க. இறங்கினதும் அவர் சொல்றதை எதிர்த்துப் பேசாம கேளுங்க. ஓட்டுறதை விட இதுதான் கஷ்டம்.