நோய்க்குக் கூலியா? நலத்துக்குக் கூலியா?

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதை மறுப்பவர் எவருமிலர். ஆயினும் மருத்துவமனையின் வரவு செலவு எவ்வாறு அமைந்துள்ளது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். படுக்கைகள் நிறைந்தால் வருவாய் பெருகும். மக்கள் நலமாக வாழ்ந்தால் வருவாய் குன்றும். காப்பீட்டு நிறுவனமோ, மருத்துவமனை அனுப்பும் செலவுப் பட்டியலை ஐயத்தோடு புரட்டுகிறது. பணம் வந்து சேருமோ என்று மருத்துவமனையும் நிறுவனத்தை ஐயத்தோடு நோக்குகிறது. இவ்விரு ஐயங்களுக்கும் இடையே நோயாளி தம் சீட்டுகளைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வாசல் அலைகிறார். ஓரிடத்தில் செய்த இரத்தப் பரிசோதனை மற்றோர் இடத்தில் மீண்டும் செய்யப்படுகிறது. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சிறுநீரக மருத்துவர் அறிவதில்லை.

பணம் கொடுப்பவரும் மருத்துவம் செய்பவரும் எதிரெதிரே நில்லாமல், ஒரே நோக்கத்தோடு இணைந்தால் என்ன நிகழும்? வரலாறு இதற்குத் தரும் விடையை இத்திங்கள் காண்போம்.

1933ஆம் ஆண்டு. கொலராடோ ஆற்றின் நீரைத் தென் கலிபோர்னியாவின் நகரங்களுக்குக் கொண்டு செல்லும் கால்வாய்ப் பணி, கொடும் பாலைவனத்தின் ஊடே நடைபெற்று வந்தது. அங்கு உழைத்த தொழிலாளருக்காக சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் மருத்துவர் 12 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நோயாளிகள் வந்தனர், பணந்தான் வரவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் தாமதித்தே தொகையைச் செலுத்தின. விரைவில் மருத்துவமனை மூடப்படும் நிலையை எய்தியது.

அவ்வேளையில் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹரால்டு ஹாட்ச் என்பவர் ஒரு வழி கூறினார். அடிபட்டவரைக் கணக்கிட்டுப் பின்னர்ப் பணம் தருவதற்கு மாறாக, தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் முன்னதாகவே மருத்துவருக்குச் செலுத்திவிடுவது என்பதே அவ்வழி. வேலையோடு தொடர்பில்லாத நோய்களுக்காகத் தொழிலாளர் தாமும் நாளொன்றுக்கு 5 சென்ட் செலுத்தலாம் என ஏற்பாடாயிற்று.

தொகை சிறிது, ஆனால் அது விளைவித்த மாற்றம் பெரிது. முன்பு தொழிலாளி அடிபட்டால் மருத்துவருக்கு வரவு. இப்பொழுதோ அடிபட்டால் செலவு. எனவே கார்ஃபீல்டு பணியிடங்களுக்கே சென்று, பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைத் தேடி அகற்றச் செய்தார். காலில் ஆணி குத்தியவனுக்கு மருந்திடுவதைவிட ஆணியைப் பிடுங்குவது எளிதன்றோ! மருத்துவரின் மனம் மாறவில்லை. அவர் முன்பும் நல்லவரே. பணம் வரும் வழி மாறியது. அதனோடு அவருடைய கவனமும் இடம் மாறியது.

1938இல் கிராண்ட் கூலி அணைக்கட்டுப் பணியிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்களிலும் இம்முறை கையாளப்பட்டது. 1945இல் பொதுமக்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது. கைசர் பெர்மனென்ட்டே என்று இன்று வழங்கும் அவ்வமைப்பில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராயுள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முன்னதாகப் பெற்ற பணத்தை மிச்சப்படுத்துவதே நோக்கமாகிவிட்டால், தேவையான மருத்துவமும் மறுக்கப்படும். 1990களில் அமெரிக்காவில் மகப்பேறு முடிந்த தாய்மார் பலர், காப்பீட்டுச் செலவைக் குறைப்பதற்காக ஒரு நாளைக்குள்ளாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மக்கள் கொதித்தெழுந்தனர். இயல்பான பேறுக்கு 48 மணி நேரமும், அறுவை செய்து எடுத்த பேறுக்கு 96 மணி நேரமும் மருத்துவமனையில் தங்குவதற்குரிய காப்பீட்டை மறுக்கலாகாது என 1996இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆகவே, பணம் கொடுப்பவரும் மருத்துவரும் கைகோத்தால் மட்டும் போதாது; அந்தக் கைகள் நோயாளியைத் தாங்கவும் வேண்டும்.

அவ்வாறு தாங்குவதற்கு முயன்ற ஏற்பாடு ஒன்றை ஜெர்மனியில் காண்கிறோம். அந்நாட்டின் தென்மேற்கில் கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் கின்ட்சிக் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கு உள்ளது. அவ்வூர்ப்புற மருத்துவர்களின் சங்கமும், மருத்துவ மேலாண்மையில் தேர்ந்த ஒரு நிறுவனமும் சேர்ந்து 2005இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அது பொதுக் காப்பீட்டு நிதியம் ஒன்றுடனும், உழவர்களுக்கான காப்பீட்டு நிதியத்துடனும் 10 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்விரு நிதியங்களையும் சார்ந்தோர் ஏறத்தாழ 30,000 பேர்.

ஒப்பந்தத்தின் சாரம் எளியது. இம்மக்களுக்கு வழக்கப்படி எவ்வளவு செலவாகக்கூடும் என முதலில் கணக்கிடுவர். உண்மையான செலவு அதனிற் குறைந்தால், மிச்சத்தைக் காப்பீட்டு நிதியங்களும் கூட்டமைப்பும் பகிர்ந்துகொள்ளும். மிச்சம் எவ்வாறு உண்டாகும்? நோயாளி தமக்கு நம்பிக்கையான மருத்துவர் ஒருவரைத் தேர்ந்துகொள்கிறார். இருவரும் அமர்ந்து எடையைக் குறைப்பது, புகைப்பதை விடுவது போன்ற இலக்குகளை வகுக்கின்றனர். நீரிழிவு, இதயத் தளர்ச்சி, எலும்புத் தேய்வு ஆகியவற்றுக்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு. இவற்றில் சேருவது அவரவர் விருப்பம். வேறு மருத்துவரை நாடும் உரிமையும் பறிக்கப்படுவதில்லை. இவ்வுரிமையே சிறந்த காவல். புறக்கணிக்கப்பட்டவர் வேறிடம் செல்லலாம் அல்லவா? மேலும் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்குரியது. இன்று மருத்துவத்தை மறுத்து மிச்சம் பிடித்தால், நாளை நோய் முற்றி இருமடங்கு செலவாகும் என்பதை இரு தரப்பாரும் உணர்வர்.

இத்தகைய ஏற்பாடு நம் ஊரில் இல்லாதிருக்கலாம். எனினும் அதன் உட்கருத்தை நம் இல்லங்களில் கைக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, உண்ணும் மருந்துகள், செய்த பரிசோதனைகள், ஒவ்வாத மருந்துகள் யாவற்றையும் எழுதி வைப்போம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டுவோம். நம்மை முழுமையாக அறிந்த குடும்ப மருத்துவர் ஒருவரை நாடுவோம். காப்பீடு எடுக்கும்போது, அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதோடு நில்லாமல், நோய் வராமல் காக்கும் பரிசோதனைகளுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்போம்.

கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் எண்ணத் தொடங்குவர். காலில் குத்திய பிறகு மருந்து தேடும் சமுதாயமாக இருப்பதா, ஆணியை முன்னரே பிடுங்கும் சமுதாயமாக வாழ்வதா என்பது நம் கையிலும் உள்ளது.