பட்டறிவும் நிவாரணப் பொருளே

நிவாரணப் பணியில் உயிர்காக்கும் அறிவின் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. அது செவிலியரின் விரல்நுனியிலும், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலப்பவரின் கண்ணளவிலும், எந்த முகாமில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று அறிந்த களப்பணியாளரின் நினைவிலும் இருக்கிறது. அரிசியையும் கூடாரத்தையும் விமானத்தில் அனுப்பத் தெரிந்த அமைப்புகள், இந்தப் பட்டறிவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள இன்னும் பழகவில்லை. அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் காலராவின் வரலாறு காட்டுகிறது.

1971இல் வங்கதேசப் போருக்கு அஞ்சி எல்லை தாண்டிய லட்சக்கணக்கானோர் மேற்கு வங்கத்தின் போன்காவ் பகுதியில் தங்கியிருந்தபோது அங்கே காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் பொறுப்பேற்ற மருத்துவமனையில் இரண்டு அறைகளின் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலைக்கு வந்தது. குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி, அதை நோயாளிக்கு ஊட்டும் வேலையை உறவினர்களிடமே அவர் ஒப்படைத்தார். வாய்வழிக் கரைசல் பயன் தரும் என்பது ஆய்வுகளில் அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் பயிற்சி பெறாத ஒரு தாயின் கையிலும் அது பயன் தரும் என்பது அந்த முகாமில்தான் தெளிவாயிற்று. 30 விழுக்காடு அளவுக்கு இருந்த இறப்பு, 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் பேர் அன்றைய சையரின் கோமா நகருக்குள் நுழைந்தார்கள். சில நாட்களிலேயே காலரா வெடித்தது. ஏறத்தாழ 12,000 பேர் பலியானதாக மதிப்பிடப்பட்டது. மருந்து, மருத்துவர், பணம் எல்லாம் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்த இடம் அது. ஆனாலும் சிகிச்சை மையங்களுக்கு உள்ளேயே மக்கள் இறந்துகொண்டிருந்தார்கள். காலரா ஆய்வுக்குப் பெயர்பெற்ற டாக்கா வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழு அங்கே சென்றபோது, ஒரு தற்காலிக மையத்தில் இறப்பு விகிதம் 48 விழுக்காடு வரை எட்டியிருந்தது தெரியவந்தது. முறையாகச் சிகிச்சை அளித்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்கத் தேவையில்லாத நோய் இது.

டாக்கா குழு கண்ட காரணங்கள் மிகச் சாதாரணமானவை. திரவம் மெதுவாக ஏற்றப்பட்டது. வாய்வழிக் கரைசல் போதுமான அளவு தரப்படவில்லை. நரம்பில் ஏற்றிய திரவங்களில் சில காலராவுக்குப் பொருந்தாதவை. கடுமையான காலராவைக் கையாண்ட அனுபவம் அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களுக்குப் போதவில்லை. போதாக்குறைக்கு, வழக்கமாகத் தரப்படும் டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் மருந்துகளுக்கு அங்கிருந்த கிருமி கட்டுப்படவில்லை என்பதைக் களத்தில் பரிசோதனை செய்த பிறகே அறிய முடிந்தது.

இவற்றுள் எதுவும் கையேட்டில் இல்லாத செய்தி அன்று. 50 கிலோ எடையுள்ள ஒருவர் உடல்நீர் வற்றி நாடி பிடிபடாமல் வந்தால், மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 5 லிட்டர் ஏற்ற வேண்டும் என்று பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் வேறு நோய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரின் கை அந்த வேகத்துக்குத் தயங்கும். தோலைக் கிள்ளிப் பார்த்தும், குழிவிழுந்த கண்ணைப் பார்த்தும், நடுவில் துளையிட்ட கட்டிலுக்குக் கீழே வாளியில் சேரும் கழிவின் அளவைப் பார்த்தும் அடுத்த புட்டியை மாட்டுவதில் டாக்காவின் செவிலியருக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தந்து அவர் பெற்ற துணிவு அது. அவருக்கு அருகில் ஒரு வாரம் நின்று வேலை செய்தவருக்கே அது தொற்றும். அறிக்கையைப் படித்தவருக்குத் தொற்றாது.

அந்தத் துணிவைப் பரப்ப முடியும் என்பதற்கும் வங்கதேசமே சான்று. நாடு திரும்பிய அகதிகளின் மறுவாழ்வுக்காக 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் அமைப்பு, 1980இலிருந்து பத்தாண்டுகளில் வாய்வழிக் கரைசலை வீட்டிலேயே கலக்கக் கற்றுத்தர ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணீர். இதை வாயால் சொல்லிக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தாயைத் தன் கையாலேயே கலக்க வைத்தார்கள். பின்னர் வேறொருவர் சென்று, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டறிந்தார். பணியாளரின் ஊதியம் அந்த விடையைப் பொறுத்தே அமைந்தது. கற்றுக்கொண்ட தாய்மார்கள்கூடக் கரைசலைக் கொடுக்கத் தயங்கியபோது காரணம் தேடினார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. உடனே பயிற்சியை மாற்றினார்கள். ஊர் ஆண்களையும் அழைத்துப் பேசினார்கள். தவறை மறைக்காமல் அடுத்த ஊருக்குச் செல்வதற்குள் திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைத்தான் நிவாரண உலகம் இன்று தகவமைவுக் கற்றல் என்கிறது.

ருவாண்டா அனுபவத்துக்குப் பிறகு அந்த உலகம் சும்மா இருந்துவிடவில்லை. 1996இல் வெளிவந்த பன்னாட்டுக் கூட்டு மதிப்பீடு சில அமைப்புகளின் தேர்ச்சியின்மையை வெளிப்படையாகச் சுட்டியது. அதைத் தொடர்ந்து 1997இல் அமைப்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதற்காக அல்னாப் என்ற கூட்டமைப்பும், குறைந்தபட்சத் தரங்களை வகுக்க ஸ்ஃபியர் திட்டமும் பிறந்தன. இரண்டும் தேவையானவை. ஆனால் இவற்றின் விளைச்சல் பெரும்பாலும் அறிக்கையும் கையேடுமே. கோமாவில் தட்டுப்பாடு கையேட்டுக்கு அல்ல.

பாதிக்கப்பட்டவர்களுக்கான பணத்தைப் பணியாளர் பயணத்துக்கும் பயிற்சிக்கும் செலவிடுவது தகாது என்று நன்கொடையாளர்கள் சொல்வதுண்டு. அக்கறையிலிருந்து பிறக்கும் வாதம்தான். ஆனால் தவறான திரவத்தை மெதுவாக ஏற்றிய மையங்களுக்குச் செலவிட்ட பணமும் பாதிக்கப்பட்டவர்களுக்கானதே. ஆகவே ஒவ்வொரு நிவாரணத் திட்டத்தின் நிதியிலும், அதே வேலையை முன்பு வேறோர் இடத்தில் செய்தவர் முதல் வாரத்திலேயே களத்துக்கு வந்து சேர்வதற்கான தொகை ஒதுக்கப்பட வேண்டும். அவர் போட்டி அமைப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, டாக்காவிலிருந்து வருபவராக இருந்தாலும் சரி. சில மாத ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் பணியாளர், அடுத்து வருபவருடன் இரண்டு வாரமாவது சேர்ந்து வேலை செய்யாமல் போகக் கூடாது. பிழையை ஒப்புக்கொள்ளும் அமைப்பின் நிதியை வெட்டும் வழக்கத்தையும் நன்கொடை நாடுகள் கைவிட வேண்டும்; அந்த அச்சம் இருக்கும்வரை 48 விழுக்காடு போன்ற எண்கள் அலமாரியை விட்டு வெளியே வராது. உள்ளூர்ப் பணியாளர்களுக்கு நிலையான வேலை தருவது இவை எல்லாவற்றையும்விட அவசரமானது. வெளிநாட்டவர் விமானம் ஏறிய பிறகும் அந்த ஊரிலேயே இருப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த நோயாளி முதலில் வந்து நிற்பதும் அவர்கள் வாசலில்தான்.