சிபாரிசு வேறு, கை கொடுப்பது வேறு!

"சிபாரிசு இருந்தால்தான் வேலை கிடைக்கும்" என்று அலுத்துக்கொள்ளாத குடும்பம் உண்டா?

சிபாரிசு என்றாலே பலருக்கு முகம் சுளிக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. தகுதி இல்லாதவர் உள்ளே போவதும், தகுதி உள்ளவர் வெளியே நிற்பதும் அதனால் வரும் வினைதான்.

ஆனால் ஓர் ஆலையில் பல வருடம் உழைத்த மூத்தவர் முதலாளியிடம் போய், "இந்தப் பையனின் வேலையை நேரில் பார்த்திருக்கிறேன். இவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நான் பொறுப்பு" என்று சொன்னால்? அதுவும் சிபாரிசுதானா?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெற்றோர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

பயிற்சி முடிந்தது, பிறகு?

1974-ல் தனி மாவட்டமான புதுக்கோட்டை, மழையையும் ஏரி குளங்களையும் நம்பி வாழ்ந்த சீமை. இன்று அதே மண்ணில் ஆலைகளும் எழுந்திருக்கின்றன. மாத்தூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. விராலிமலையில் வார்ப்பட ஆலையும், உணவுப் பொருள் ஆலையும் இருக்கின்றன. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளின் கண் இப்படிப்பட்ட இடங்கள் மேல்தான்.

அவர்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், நூற்றுக்கு இரண்டரை முதல் 15 பேர் வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. படிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில் திறமை கற்பிக்கத் தமிழக அரசு 2022-ல் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது.

சரி, பயிற்சி முடிந்த பிறகு?

அங்கேதான் சிக்கல். பயிற்சி கொடுத்த நிறுவனமே வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் 2014-ம் வருடத் திருத்தம் சொல்லுகிறது.

அதாவது, உள்ளே வரும் கதவைச் சட்டம் திறக்கிறது. உள்ளே நிலைத்து நிற்பது ஆலைக்குள்தான் முடிவாகிறது.

சர்டிபிகேட் ஒரு பையன் என்ன படித்தான் என்று சொல்லும். இயந்திரம் திடீரென்று நின்றால் அவன் பதறுவானா, நிதானமாகப் பார்ப்பானா என்று அது சொல்லாது. கூடவே நின்று பார்த்த போர்மேனுக்குத்தான் அது தெரியும். அவர் வாய் திறக்காவிட்டால் அந்தத் திறமை யாருக்கும் தெரியாமலே போகும்.

30 ரூபாய் குமாஸ்தா

இதற்குப் பெரிய சாட்சி சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது.

1912 மார்ச் 1-ந் தேதி அங்கே கணக்குப் பிரிவில் ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். அவர்தான் கணித மேதை ராமானுஜன்!

அந்த அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். தனக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தா சாதாரணமானவர் அல்ல என்பதை அவர் கண்டுகொண்டார். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

நாராயண ஐயர் பாராட்டியதோடு நிற்கவில்லை. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் ராமானுஜனுக்காகப் பேசினார். தலைவரும் துணை நின்றார். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

கணக்குப் போட்டது ராமானுஜன்தான். ஆனால் அந்தக் கணக்குகள் மேலிடத்தின் கண்ணில் படும்படி செய்ததில் நாராயண ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு.

புதுக்கோட்டை காட்டிய வழி

புதுக்கோட்டைக்கும் இது புதிதல்ல. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் படிக்க விரும்பினார். அது ஆண்கள் படித்த கல்லூரி. எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவிட்டார். மன்னர் திறந்தது கல்லூரிக் கதவை மட்டுமே. பரீட்சை எழுதித் தேறியது முத்துலட்சுமி. 1912-ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார்.

தமக்குத் திறந்த கதவை அவர் தம்மோடு மூடிக்கொள்ளவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை அமைத்தார். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மறு வருடம் இளம் டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் வேலை கற்று, பின்னாளில் அந்த மருத்துவமனைக்கே தலைமை தாங்கினார்.

ஒருவருக்குக் கிடைத்த கை, பல பேரைத் தூக்கிவிட்டது!

வித்தியாசம் என்ன?

2013-ல் அமெரிக்காவில் சில்வியா ஆன் ஹியூலெட் என்ற பெண்மணி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். புத்தி சொல்பவர் வேறு; தம் பெயரைப் பணயம் வைத்து முன்னே நிறுத்துபவர் வேறு என்கிறார் அவர். வேலையில் உயர இரண்டாமவர்தான் அதிகம் தேவையாம்.

கெட்ட சிபாரிசு சாதியைப் பார்க்கும், சொந்தத்தைப் பார்க்கும், பணத்தைப் பார்க்கும். அது இரகசியமாக நடக்கும். சேர்ந்தவர் வேலை தெரியாமல் விழித்தால், சொன்னவர் கண்ணில் படமாட்டார்.

கை கொடுப்பது அப்படி அல்ல. அது வேலையைப் பார்க்கும். எல்லோரும் அறிய நடக்கும். பையன் தவறினால் சொன்னவருக்கும் தலைகுனிவு. ஆகவே அவர் யோசித்துத்தான் சொல்லுவார்.

ஆனாலும் ஓர் ஆபத்து உண்டு. மூத்தவர் தம்மைப் போன்றவரையே தேடுவார். மூத்த இடங்களில் பெண்கள் குறைவாக இருந்தால், பெண் பிள்ளைகளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? எனவே, எந்த வேலையை எப்போது பார்த்தார் என்பதை மூத்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் சொல்லுக்கு இரண்டு பேர் சொல் இருந்தால் இன்னும் நல்லது. நிர்வாகம் அதை வைத்துப் பரீட்சை நடத்தட்டும். தேறினால் வேலை.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூத்தவரிடம் போய் "எனக்காகப் பேசுங்கள்" என்று கெஞ்சுவதைவிட, அவர் பேசும்படி உழைப்பதே மேல். சந்தேகத்தைக் கேட்க வேண்டும். சொன்ன நேரத்தில் வர வேண்டும். செய்த தவறை மறைக்கக் கூடாது.

பெற்றோர்களும் பெரிய மனிதர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். பிள்ளையின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் மேஸ்திரியின் ஒரு சொல்லுக்கு, பார்க்காத பெரிய மனிதரின் கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வீட்டுக்குச் சொன்ன பழமொழிதான். ஆலைக்கும் பொருந்தும்.