பந்தியில் எத்தனை வரிசை?

குழந்தைகளின் உரிமை என்று யாராவது பேச ஆரம்பித்தால் நம் வீடுகளில் ஒரு புன்னகை பிறக்கிறது. "நேற்றுப் பிறந்த பொடிக்கு உரிமையா? பாலும் சோறும் வேளைக்குக் கொடுத்தால் போதாதா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். பாட்டிமாரின் கேள்வியை நான் அலட்சியம் செய்கிறவனல்லன். விஷயத்தில் பெரும் பகுதி அந்தப் பாலிலும் சோற்றிலுந்தான் அடங்கியிருக்கிறது. யார் சமைத்ததைக் கொடுக்கிறார்கள், யார் பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுக்கிறார்கள், யாரைத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் நான்கு வயதுக் குழந்தை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கவனிக்கிறது. நாம் அதன் உதட்டைத் துடைப்பதில் ஈடுபட்டிருப்பதால் அதன் கண்ணைப் பார்ப்பதில்லை.

கயத்தாறு என்றதும் நேயர்களுக்குக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-ஆம் வருஷம் ஞாபகம் வரும். இங்கே உபாத்தியாயராயிருக்கும் எனக்கு வேறொரு பூகோளமும் அடிக்கடி மனத்தில் தோன்றுவதுண்டு. இங்கிருந்து தென்மேற்கே தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி இருக்கிறது. வடகிழக்கே கரிசல் பூமியில் எட்டயபுரம் இருக்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய சமதூரம். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு பெரிய காரியங்கள் இந்த இரண்டு ஊர்களிலும் நடந்தன. ஒன்றில் தோற்றோம், மற்றொன்றில் பெருமளவு ஜயித்தோம்.

முதலில் தோல்வியைச் சொல்கிறேன். லண்டனிலும் புதுச்சேரியிலும் தேச விடுதலைக்காக அஞ்ஞாதவாசம் போல் வாழ்ந்தவரும், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருமான வ.வெ.சு. ஐயர், 1922-இல் ஒரு தமிழ்க் குருகுலத்தை ஆரம்பித்தார். அது பின்னர் சேரன்மாதேவியில் நிலைபெற்றது. அந்நியர் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி கொடுப்பது நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தது. ஜாதி வித்தியாசம் பாராட்டாத தேசபக்தர்கள் பலர் கைகொடுத்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவரைத் தனியே உட்கார்த்திச் சாப்பாடு போடுவதாக அவர்களுடைய பெற்றோருக்கு ஐயர் வாக்குக் கொடுத்திருந்தார். செய்தி வெளியே வந்ததும் மூண்ட தீ எளிதில் அணையவில்லை. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்து எழுந்தார்கள். காந்தியடிகள் மத்தியஸ்தம் செய்தார்: அந்த இருவர் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்பது அவர் சொன்ன வழி. 1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாதென்று தீர்மானம் போட்டது. ராஜாஜி முதலிய சிலர் கமிட்டியிலிருந்து ராஜிநாமாச் செய்தார்கள். அவ்வருஷம் ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து ஐயர் உயிர் நீத்தார். நவம்பரில் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

இந்தக் கதையைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் தலைவர்களின் கதையாக எழுதுகிறார்கள். அது நியாயமே. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. தனி இலையில் உட்கார்ந்த அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன நினைத்தார்கள்? கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? ஐயர் நினைத்ததும், காந்தியடிகள் நினைத்ததும், கமிட்டி நினைத்ததும் நமக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தவர்களின் அபிப்பிராயத்தை நான் படித்த புத்தகங்களில் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையைப் பற்றிய விவகாரத்தில் குழந்தையின் பேச்சையும் கேட்க வேண்டும் என்று உலகம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்வதற்கு 1989-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை வர வேண்டியிருந்தது. இந்தியா அதில் சேர்ந்தது 1992-இல்.

இனி எட்டயபுரம். 1956-இல் காமராஜர் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பாரதியார் பிறந்த ஊர் என்பதனால் அந்த ஊருக்கு அந்தப் பாக்கியம். சென்னை நகரசபை 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சாப்பாடு போட்டுப் பார்த்ததுண்டு. கிராமத்துக்கு அது வந்தது காமராஜர் காலத்தில்தான். அப்போது கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் நெல்லும் பருப்பும் பணமும் ஜனங்களிடமே கேட்டு வாங்கினார். பிறகு 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி ஜில்லாவில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்துக்கே போகாத இரண்டு வயதுக் குழந்தையும் அந்தப் பந்திக்குள் வந்தது.

இந்தத் திட்டங்கள் பசியைத் தீர்த்ததைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அவை செய்த மற்றொரு காரியம் சத்தமில்லாமல் நடந்தது. சமபந்தி போஜனம் என்று மேடை போட்டு, மாலை சாற்றி, புகைப்படம் பிடித்து நடத்தியதைக் காட்டிலும் பெரிய சமபந்தி தினந்தோறும் மத்தியானம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடந்து வந்தது. ஒரே அகப்பை, ஒரே குழம்பு. எதிர்ப்பே இல்லையென்று சொல்ல மாட்டேன். தட்டை வீட்டிலிருந்து கொண்டு வந்து வீட்டுக்கே எடுத்துப் போய்ச் சாப்பிடும் பிள்ளைகள் எந்தெந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று கவனிப்பது, என் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஒரு ஜனத்தொகைக் கணக்குப் படித்த மாதிரி.

அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே உசிலம்பட்டி என்று ஒரு சிற்றூர் உண்டு. மதுரைக்கு மேற்கே உள்ள பெரிய உசிலம்பட்டி அல்ல. 2023-ஆம் வருஷம் சர்க்கார் காலைச் சிற்றுண்டியைத் தமிழ்நாட்டின் கிராமப் பள்ளிகளுக்கெல்லாம் விஸ்தரித்தபோது இந்த ஊர்ப் பள்ளிக்கும் அது வந்தது. செப்டம்பரில் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். சமைத்தவர் ஆதிதிராவிடப் பெண்மணி என்பதால் பெற்றோர் தடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதிகாரிகள் ஓடினார்கள், கனிமொழி எம்.பி.யும், அப்போது சமூகநல அமைச்சராயிருந்த கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சமையலைச் சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். விஷயம் தீர்ந்ததாகச் செய்தி.

மந்திரியும் எம்.பி.யும் ஒரு நாள் வரலாம். மறுநாள் காலையில் அந்தச் சமையற்காரப் பெண்மணியும் அந்தப் பிள்ளைகளும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். அடுப்பில் ரவையைக் கிளறிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றித் தன் தாய் வீட்டில் என்ன பேசினாள் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு மறந்து போகுமா? அவ்வளவு தூரம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியாகிவிட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் அப்புறம் நடத்தும் சமத்துவப் பாடம் அதன் மேல் எழுதும் எழுத்து.

இத்தகைய மறுப்புகளை உத்தேசித்துத்தான் போலும், உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உணவு உரிமை வழக்கில் ஓர் உத்தரவு போட்டது: மத்தியான உணவுக்குச் சமையற்காரரையும் உதவியாளரையும் நியமிக்கும்போது தலித்துகளுக்கும், பட்டியல் ஜாதியினருக்கும், பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும். சட்டத்தின் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் அது ஒன்று. அகப்பையைப் பிடிக்கும் கை எது என்பதில் சமத்துவம் இருக்கிறதென்று அந்த நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

'பால்வாடி' என்று நாம் சொல்கிறோமே, அந்த வார்த்தைக்குப் பாலோடு சம்பந்தமில்லை. 'பால்' என்றால் வடக்கே குழந்தை. தாராபாய் மோடக் என்னும் அம்மையார் குஜராத்தில் கிஜுபாய் பதேகாவோடு குழந்தைக் கல்வியில் உழைத்தவர். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் கடலோரக் கிராமத்தில் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். ஒடுக்கப்பட்ட ஜாதிக் குழந்தைகள் அங்கே வருவது கஷ்டமாயிருந்தது. வராதவர்களை அவர் குறை சொல்லவில்லை; பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பூர்வோத்தரம் இது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தேச முழுவதற்குமாகக் குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தபோது பெயர் வந்தது. முற்றத்துக்குப் போகும் குணம் எல்லா இடத்திலும் வந்ததா என்பதுதான் கேள்வி. எந்த ஊரிலும் மையத்தின் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறதென்று பாருங்கள். கோயில் தெருவில் இருந்தால் காலனிக் குழந்தை தயங்குகிறது. காலனியில் இருந்தால் கோயில் தெருக் குழந்தையை வீட்டார் அனுப்புவதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருக்கும் குடியிருப்பு எதுவானாலும் கேட்டால் மையம் கொடுக்க வேண்டும், பட்டியல் ஜாதிக் குடியிருப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்று 2006-இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

தெருவைப் போலவே நேரமும் ஒரு வேலிதான். தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்த காலம் போய்விட்டது, உப்பளம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டுமென்று பெண்கள் இருட்டிலேயே புறப்பட்டுப் போகிறார்கள். மையத்தின் கதவு திறப்பதற்குள் அவர்களுக்குப் பாதி நாள் வேலை ஆகிவிடுகிறது. இடைப்பட்ட மூன்று நான்கு மணி நேரம் தம்பியைப் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காள். ஆகவே ஒரு கதவு காலதாமதமாய்த் திறப்பதனால் இரண்டு குழந்தைகளின் கல்வி கெடுகிறது. கோவில்பட்டித் தீப்பெட்டிப் பட்டறைகளில் சின்னஞ்சிறு பெண்களின் விரல்கள் குச்சி அடுக்கிய காலம் நம் ஞாபகத்துக்கு எட்டாத காலமல்ல. அந்தப் பெண்களில் பலர் இப்படித்தான் முதலில் தம்பிக்கு ஆயாவானவர்கள்.

காது கேளாத குழந்தையின் விஷயம் இன்னும் அவசரமானது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவிடருக்கும் குருடருக்கும் தனித்தனியே பள்ளிகள் தோன்றிவிட்டன. அந்த வகையில் நம் ஜில்லாக்காரர்கள் முன்னோடிகள். ஆயினும் குழந்தை அங்கே போய்ச் சேருவதற்குள் ஏழெட்டு வயதாகிவிட்டால் பாதி வாய்ப்புப் போய்விடுகிறது. பேச்சு மூளையில் வேர் விடுவது முதல் சில வருஷங்களில். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை 'பிடிவாதம்' என்றும் 'அப்பாவைப் போல் மௌனி' என்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முப்பது குழந்தைகளை ஒன்றாய்ப் பார்க்கும் பால்வாடி ஆசிரியைக்கே வித்தியாசம் தெரியும். அந்தக் குழந்தையை மையத்துக்கே அனுப்பாமல் வீட்டில் மறைத்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் ஒரு சின்ன வார்த்தையின் பெரிய விளையாட்டு. 2002-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை. ஆறுக்குக் கீழே, அரசு 'முயல வேண்டும்'. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் மூன்று முதல் ஆறு வயதுக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்'. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதே குழந்தைக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியிருக்கிறது. வயிற்றுக்கு உரிமை உண்டு, புத்திக்கு அனுமதி உண்டு. சகல வித்தியாசங்களும் மனத்தில் பதிகிற வயதை மட்டும் பார்த்துச் சட்டம் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது.

சட்டம் ஒதுங்கிய இடத்தில் நாம் புகுந்துவிட்டோம். நாம் என்றால் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் குடும்பங்கள். இரண்டரை வயதில் குழந்தைக்கு டை கட்டி, வேனில் ஏற்றி, ஆங்கிலப் பள்ளியின் 'பிரீ-கே.ஜி.'க்கு அனுப்புகிறோம். சேரன்மாதேவியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனி இலை போட்டதைக் கேட்டுக் கோபப்படுகிற நாம், கூடத்தையே தனியாகக் கட்டிவிட்டோம். நுழைவாயிலில் ஜாதி கேட்பதில்லை, கட்டணம் கேட்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் வரிசை பெரும்பாலும் அதே வரிசைதான். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை ஆரம்பித்தது நம்மைத் திரும்பக் கூப்பிடத்தான். நாம் அதிகமாகத் திரும்பவில்லை. வசதியுள்ள வீட்டுக் குழந்தை போகாத மையத்தில் ஓடு உடைந்தால் கேட்பாரில்லை, முட்டை சிறுத்தால் மனு எழுதுவாரில்லை. மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேனில் போய்விட்டோம்.

இதற்கு ஒரு நண்பர் சொன்ன சமாதானம்: "ஊருக்காக என் குழந்தையைப் பலி கொடுக்கச் சொல்கிறீர்களா?" அவர் அந்த மையத்துக்குள் ஒரு தடவையாவது போனதுண்டா என்று கேட்டேன். இல்லையாம். அவர் வீட்டிலிருந்து அறுபது அடி தூரம். போவதென்றால் கொடியேற்றும் நாளிலும் பரிசளிக்கும் நாளிலும் போக வேண்டாம். சாதாரண செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். எந்தெந்தத் தெருக் குழந்தைகள் வந்திருக்கிறார்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், பரிமாறுகிறவர் யார், சாப்பிடாமல் இருப்பது யார் என்று பாருங்கள். ஆசிரியை உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். அதை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டுக் குழந்தைகளோடு பாயில் உட்காருங்கள். ஒரு தட்டு கேட்டு வாங்குங்கள்.