தலை மழுங்கிய ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது?

“பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறோம். எங்கள் தென்னந்தோப்புக் களையை வெட்டுவதோடு, என் கணவர் அதை எடுத்துக்கொண்டு கூலிக்கும் போவார். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துவிட்டது. மாற்றலாம் என்று மூடியைக் கழற்றினால், நான்கு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டன. நான்காவது அசையவே இல்லை. முறுக்கி முறுக்கி அதன் தலை வழவழப்பாகிவிட்டது. ‘மூடியை உடைத்துத்தான் எடுக்கணும், புது செட் போடணும்’ என்கிறார்கள் கடையில். வேறு வழி இல்லையா?”

– வாசகி, பொள்ளாச்சி.

இருக்கிறது, சகோதரி. முதலில் கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு முறை அது வழுக்கும்போதும் மிச்சமிருக்கும் பிடிமானம்தான் போகும்.

உங்கள் ஸ்க்ரூ இரும்பு. அது இறங்கியிருக்கும் என்ஜின் உடம்பு அலுமினியம். இந்த இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் மரைக்குள் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். போதாததற்கு, ஸ்டார் தலையின் அமைப்பே பலம் கூடினால் டிரைவர் முனையை மேலே தள்ளிவிடுவதுதான்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்க்ரூ தலைக்குள் மண்ணும் புல்சாறும் கெட்டியாக அடைத்திருக்கும். அதைக் கோணி ஊசியால் சுரண்டி எடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்னை இந்த அழுக்குதான். முனை முழுதாக உள்ளே இறங்கியிருக்காது. பிறகு துரு இளக்கும் ஸ்பிரே, இல்லாவிட்டால் டீசல் நாலு சொட்டு, தலையின் விளிம்பைச் சுற்றி விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

காலையில் தேயாத புது முனை வாங்கி வாருங்கள். 4, 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இரண்டாம் நம்பர் ஸ்டார் பிட் சரியாக இருக்கும். முனையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் கொஞ்சம் தடவினால், அதிலுள்ள பொடி வழுக்காமல் பிடிக்கும். முனையைத் தலையில் நிறுத்தி, பின்புறம் சுத்தியலால் நாலைந்து தட்டு. கருவிக்கு அடியில் சாக்கு மடித்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் முக்கால் பலத்தை அழுத்துவதிலும் கால் பலத்தைத் திருப்புவதிலும் வையுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். ‘டக்’கென்று சத்தம் கேட்டால் வந்துவிட்டது.

வரவில்லையா? சில கம்பெனிகள் மரையில் பசை போட்டு இறுக்குகின்றன. கரண்டில் சுடும் சால்டரிங் கம்பியை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் பசை இளகும். பெட்ரோல் வாடை முழுதாகப் போன பிறகு, திறந்தவெளியில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூடி பிளாஸ்டிக் என்றால் ஓரம் உருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தீ ஜுவாலை காட்டவே கூடாது.

கடைசி வழி டிரில். தலையின் நடுவில் பஞ்ச் வைத்துக் குழி போட்டு, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, ஸ்க்ரூவின் கனத்துக்கு வாருங்கள். தலை மட்டும் கழன்றால் போதும். அதற்குமேல் ஆழம் வேண்டாம். மூடி வந்துவிடும், தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலை போனதும் இறுக்கமும் போய்விடுவதால், பல நேரம் வைஸ் கிரிப் பிடித்த உடனேயே சுழன்று வரும். ‘ஈஸி அவுட்’ என்று ஒன்று விற்கிறார்கள். சின்ன ஸ்க்ரூவில் அதை நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பி, அது உள்ளேயே முறிந்தது. அந்த இரும்பை எந்த டிரில்லும் தொடவில்லை. அந்த என்ஜின் இன்றும் பட்டறை மூலையில் கிடக்கிறது.

மூடியைத் தூக்கும்போது கவனம். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் துள்ளினால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு, கயிற்றுச் சக்கரத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி தூக்கச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பழைய ஸ்க்ரூவைக் கடைக்கு எடுத்துப்போய், அதே மரை, அதே நீளத்தில் ஆலன் ஸ்க்ரூ நான்கு வாங்குங்கள். மரையில் துளி கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

இன்னொன்று. இதே கருவியில் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலும் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். துரு பிடித்துவிட்டது என்று பைப் மாட்டி மிதித்து, தண்டையே ஒடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அதை வலப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள்.